புளியமரத்து வளைவில் முத்தம்மா

புளியமரத்து வளைவில் ஜீப்பை நிறுத்தச் சொன்னால் எனக்குக் கோபம் வரும். திருப்பத்தூரிலிருந்து புதூர்நாட்டுக்கு ஏறி, அதற்கும் மேலே எங்கள் ஊர் வரைக்கும் நிறுத்துவதற்கு எத்தனையோ இடம் இருக்கிறது. குழாயடியில் நிறுத்தச் சொல்லுங்கள், பள்ளிக்கூடத்து வாசலில் நிறுத்தச் சொல்லுங்கள், நிறுத்துகிறேன். அந்த வளைவு மட்டும் வேண்டாம். ஏன் என்று கேட்பவர்களிடம் பிரேக் சரியில்லை என்பேன். பிரேக்குக்கு ஒரு குறையும் இல்லை.

விஷயம் இதுதான். ஜீப்பில் பாட்டுப் போட வேண்டுமென்றால் போனில் புளூடூத்தைத் திறக்க வேண்டும். சுற்றுவட்டத்தில் இருக்கிற சாமான்களின் பெயரெல்லாம் வரிசையாக வரும். என் ஜீப் செட்டின் பெயர் வரும், பின்சீட்டில் எவனாவது காதில் மாட்டிக்கொண்டிருந்தால் அதன் பெயர் வரும். அந்த வளைவில் நின்று திறந்தால் இன்னொரு பெயரும் வரும். முத்தம்மா. தமிழ் எழுத்தில், தெளிவாக.

முத்தம்மா அந்த வளைவை ஒட்டிய சாமைக் கொல்லையில்தான் இருக்கிறாள். கற்களுக்கு அடியில். அவளுக்கு மண் போட்டவர்களில் நானும் ஒருவன்.

பேய்க்கதை சொல்ல நான் வரவில்லை. அந்தப் பெயர் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் முதல் தடவை பார்த்தபோது போனைக் கீழே போட்டேன். திரையில் இன்னும் கீறல் இருக்கிறது. நான் சொல்ல வந்தது வடிவேலுவைப் பற்றி. முத்தம்மாவின் புருஷன், என் வயசுக்காரன்.

வடிவேலு ரேடியோ செட்டுக்காரன். மலையில் கல்யாணம், காதுகுத்து, காளியம்மன் திருவிழா எதுவானாலும் அவனுடைய குழாய் ஸ்பீக்கர்தான் மரத்தில் ஏறும். அது பிழைப்பு. பைத்தியம் வேறு ஒன்று இருந்தது. சின்னச் சின்ன எலக்ட்ரானிக் போர்டுகளை வரவழைத்து, ஈயம் பற்றவைத்து, ஏதாவது செய்துகொண்டே இருப்பான். போனைத் தட்டினால் மோட்டார் ஓடும். பாட்டுக்குத் தகுந்தபடி சீரியல் லைட் ஆடும். பாதி வேலை செய்யும், பாதி புகையும். அவன் வீட்டுக்கு மேலே ஒரு பாறை உண்டு. அங்கே உட்கார்ந்தால்தான் டவர் கிடைக்கும். வேலையில்லாத நாளெல்லாம் அதன்மேல் உட்கார்ந்து வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்வான்.

"உங்க ஃபிரெண்டுக்குப் பாறை மேல ஒரு பொண்டாட்டி இருக்குது அண்ணா. நான் வூட்டுக்குக் காவல்காரி," என்பாள் முத்தம்மா. வாய் நிறையச் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள்.

அவளுக்கு வலிப்பு உண்டு. மாத்திரை சாப்பிட்டாள், கட்டுக்குள்தான் இருந்தது. இருந்தாலும் எப்போதாவது வரும், சொல்லாமல் வரும். நெருப்புப் பக்கமும் தண்ணீர்ப் பக்கமும் தனியாகப் போகக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். முத்தம்மா கேட்கிற ஆளா? வடிவேலு செட்டுக் கட்டப் போய்விட்டால் இவள் துணியைத் தூக்கிக்கொண்டு ஓடைக்குப் போய்விடுவாள். பக்கத்து வீட்டில் அவளுடைய தங்கை பாஞ்சாலை இருந்தாள். பாஞ்சாலையின் புருஷன் பெங்களூரில் கட்டட வேலை, பண்டிகைக்கு வருவான். அக்காவைக் கண்ணில் வைத்துப் பார்த்தது அவள்தான். அவளுக்கும் ஆடு, கொல்லை, புளி என்று ஆயிரம் வேலை.

அதனால் வடிவேலு ஒரு யோசனை பண்ணினான். முத்தம்மாவின் இடுப்புச் சுருக்குப்பையில் ஒரு போர்டு. அது புளூடூத்தில் அவள் பெயரைச் சொல்லிக்கொண்டே இருக்கும். வீட்டில் ஒரு பெட்டி அதைக் கேட்டுக்கொண்டே இருக்கும். அவள் கொல்லையைத் தாண்டிப் போனால் பெட்டிக்கு அந்தப் பெயர் கேட்காது. கேட்காவிட்டால் குழாய் ஸ்பீக்கர் ஊளையிடும். பாஞ்சாலை ஓடி வருவாள். இவ்வளவுதான்.

எந்தப் போர்டு வாங்குவது என்பதில்தான் ஆள் திண்டாடிப்போனான். ஒருநாள் முன்சீட்டில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டு வந்தான். கொண்டை ஊசி வளைவில் தலை கண்ணாடியில் இடித்தது, அதுகூட உறைக்கவில்லை.

"இன்னாய்யா அப்படிப் பாக்குற?"

"போர்டு. மூணு இருக்குது. எதை எடுக்கறதுன்னே தெரியலை," என்று போனை என் மூக்குக்கு நேராக நீட்டினான். மலையேறுகிறவன் மூக்குக்கு நேராக.

ஒன்று நீலம். அவன் கைக்குப் பழகிய ஜாதி. ஆனால் அதில் புளூடூத் கிடையாது, தனியாக ஒரு துண்டு வாங்கி ஒயர் இழுத்துக் கட்ட வேண்டும். ஒயர் என்றால் சுருக்குப்பைக்குள் ஒருநாள் தாங்காது என்று அதை அவனே ஒதுக்கிவிட்டான். இரண்டாவது கறுப்பு, தீப்பெட்டியைவிட நீளம். வைஃபை, புளூடூத் இரண்டும் உள்ளேயே இருந்தன. எல்லாரும் வாங்குவது அதைத்தான், வீடியோ எல்லாம் அதற்குத்தான் இருக்கிறது. மூன்றாவது கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. புளூடூத் மட்டும்தான். வாட்சுக்குப் போடுவதுபோல ஒரு பட்டன் செல் போட்டால் வருஷம் ஓடும் என்று போட்டிருந்தது.

"இதுல எது மைலேஜ் குடுக்கும்?" என்றேன். எனக்குத் தெரிந்த கேள்வி அதுதான்.

"மைலேஜ்னா சின்னதுதான். ஆனா பாரேன், கொட்டைப்பாக்கு சைஸ்ல இருக்குது. இது இன்னாத்தக் கத்தி, வூட்டுக்கு இன்னாத்தக் கேக்கப்போவுது?"

"கறுப்பு?"

"அது பவரு. நாளைக்கு வேற எதுக்காச்சும் வேணும்னாலும் உதவும்."

செட்டுக்காரன் புத்தி அது. ஸ்பீக்கர் பெரிசாக இருக்கிறது என்று எந்தத் திருவிழாவிலும் யாரும் குறை சொன்னதில்லை, சின்னதாக இருந்தால்தான் சண்டைக்கு வருவார்கள். கரண்டைப் பற்றி அவன் கவலைப்பட்டதே கிடையாது. கம்பத்தில் வந்தால் கம்பம், இல்லையென்றால் ஜெனரேட்டர். ஒரு பொம்பளை இடுப்பில் ஜெனரேட்டர் கட்ட முடியாது என்பது அவனுக்குத் தோன்றவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை. கறுப்புப் போர்டை வாங்கினான்.

நன்றாகத்தான் வேலை செய்தது, பேட்டரி இருக்கிற வரைக்கும். சுருக்குப்பையில் அடங்குகிற பேட்டரியை அது மத்தியானத்துக்குள் குடித்துத் தீர்த்துவிடும். தீர்ந்ததும் பெட்டிக்கு முத்தம்மாவின் பெயர் கேட்காது. உடனே ஸ்பீக்கர் ஊளையிடும். பாஞ்சாலை ஆட்டை விட்டுவிட்டு ஓடி வருவாள். வந்து பார்த்தால் முத்தம்மா வாசலில் உட்கார்ந்து சாமை புடைத்துக்கொண்டிருப்பாள்.

"மாட்டுக்கு மணி கட்டுற மாதிரி எனக்குக் கட்டிட்டாரு உங்க மாமா. மணி ஆடுனா மாடு இருக்குதுன்னு அர்த்தம். இவரு மணி ஆடாட்டிதான் கத்துது," என்று தங்கையிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாளாம்.

தினமும் இதே கூத்து. ஊரே திட்டியது. கடைசியில் முத்தம்மாவே சொன்னாள், "அணைச்சுத் தொலைங்க அதை, காது போவுது." வடிவேலு அணைத்தான். அன்றைக்கே பாறைமேல் ஏறி அந்தச் சின்னப் போர்டுக்கு ஆர்டர் போட்டான். அது வரட்டும், வந்ததும் ஸ்பீக்கரைப் போட்டுக்கொள்ளலாம் என்று இருந்தான்.

அதற்கு முன்னால் முத்தம்மா ஓடைக்குப் போனாள்.

கணுக்கால் தண்ணீர்தான் ஐயா. குழந்தைகூட முழுகாது. முகம் தண்ணீரில் இருந்தது. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் யார்மீது என்று தெரியாமல் ஆத்திரம் வருகிறது. பார்சல் கீழே கடையில் வந்திருந்தது, நான்தான் எடுத்துக்கொண்டு ஏறினேன். வீட்டின் முன்னால் கூட்டம் நிற்பதைப் பார்த்தபோதும் அந்தச் சின்ன அட்டைப்பெட்டி என் மடியில்தான் இருந்தது.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம். ஒருவருக்கென்று வாங்கியதை அவர் செத்தபிறகு இன்னொருவர் தொடக்கூடாது, அது அவரோடு போக வேண்டும். புதைத்துக் கல் அடுக்கும்போது தலைமாட்டில் ஒரு பொந்து விடுவார்கள், அதில் வைத்து ஒரு கல்லால் மூடுவார்கள். கொடுப்பதை முழுசாகக் கொடுக்க வேண்டும். வெற்றிலைப் பை என்றால் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு எல்லாம் உள்ளே இருக்கும். டார்ச் லைட் என்றால் பேட்டரிக் கட்டை போட்டு எரியவைத்துப் பார்த்துத்தான் வைப்பார்கள். வெறும் கூட்டைக் கொடுத்தால் செத்தவர் அதைத் தூக்கிக்கொண்டு கேட்க வருவார் என்பது பேச்சு. கொடுத்ததைத் திரும்ப எடுப்பதும் கிடையாது.

"அக்காவுக்குன்னு வந்தது மாமா. அக்காவோடவே போவட்டும்," என்றாள் பாஞ்சாலை.

வடிவேலு பெட்டியைப் பிரித்தான். வந்திருந்த பட்டன் செல்லைப் போட்டான். போனை எடுத்து, அந்தப் போர்டுக்குப் பெயர் வைத்தான். அழாமல், கை தடுமாறாமல், கல்யாண வீட்டில் மைக் சரிபார்க்கிறவன்போலச் செய்தான். அவளுடைய சுருக்குப்பையிலேயே போட்டுப் பொந்தில் வைத்தான். பாஞ்சாலை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

ஒன்றை மட்டும் அவன் மறந்துவிட்டான். முத்தம்மாவின் பெயர் விலகிப் போய்த் திரும்பப் பக்கத்தில் வந்தால் மணியடிக்கும்படி போனில் முன்னமே செய்து வைத்திருந்தான். கருமாதி முடிந்து கொல்லைக்குப் போனவன் சட்டைப்பையில் டிங் டிங் என்று அடித்தது. எடுத்துப் பார்த்தால், 'முத்தம்மா அருகில்'. அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

அதிலிருந்து அவன் வேறு ஆளாகிவிட்டான். கொல்லையைத் தாண்டாமல் வீட்டுக்குப் போக முடியாது, வீட்டை விட்டு வரவும் முடியாது. போகும்போது ஒரு டிங் டிங், வரும்போது ஒரு டிங் டிங். அணைத்துவிடு என்றேன். தலையாட்டினான், அணைக்கவில்லை. சாயங்காலமானால் கல்லுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வான். ஆட்டை ஓட்டிக்கொண்டு வருகிற பாஞ்சாலை வரப்பில் நின்று கேட்பாள், "மாமா, அக்கா இருக்குதா?"

"இருக்குது."

அவள் போய்விடுவாள். தினமும் இது நடக்கும். வளைவில் ஜீப்பைத் திருப்பும்போது நானே பலதடவை கேட்டிருக்கிறேன்.

ஊரும் சும்மா இருக்குமா? சுப்பிரமணி என்று ஒருத்தன், ஓசூரில் வேலை செய்கிறவன். புளியமரத்தடியில் ஜீப்புக்குக் காத்திருந்தபோது காதில் மாட்டுவதற்காகப் புளூடூத்தைத் திறந்திருக்கிறான். பெயரைப் பார்த்ததும் மூட்டையை அங்கேயே போட்டுவிட்டுக் குழாயடி வரைக்கும் ஓடினான். ஒரு வாரம் காய்ச்சல். அதற்குப் பிறகு அந்த மரத்தடியில் யாரும் நிற்பதில்லை. வடிவேலுவைச் செட்டுக் கட்டவும் யாரும் கூப்பிடவில்லை. செத்தவள் பெயர் அவன் சட்டைப்பையில் அடிக்கிறது, அவன் மைக்கில் அம்மன் பாட்டு எப்படிப் போடுவது என்றார்கள். நான் விளக்கிப் பார்த்தேன். அட, அது போர்டு, உள்ளே செல் இருக்கிறது, அது கத்துகிறது என்று. தெரியுது, தெரியுது என்பார்கள். என்றாலும் நிற்க மாட்டார்கள்.

செல் ஒருநாள் தீர்ந்தது. சாயங்காலம் பாஞ்சாலை கேட்டபோது வடிவேலு போனைக் கையில் வைத்துக்கொண்டு கல்லைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறான். பிறகு வீட்டுக்குப் போய்ப் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. கஞ்சி வைத்தால் அப்படியே ஆறிக் கிடந்தது. அவள் இரண்டாவது தடவையும் செத்துப்போனாள் என்று சுவரைப் பார்த்துச் சொன்னானாம்.

அப்போதுதான் பாஞ்சாலை ஜீப்பை நிறுத்தினாள்.

"அண்ணா, திருப்பத்தூர்ல வாட்ச் கடையில ஒரு செல்லு வாங்கியாங்க. வட்டமா, தட்டையா, எட்டணா காசு மாதிரி இருக்கும்."

"இன்னாத்துக்கு?"

"சுவர்க் கடியாரத்துக்கு."

அவள் வீட்டில் சுவர்க் கடிகாரம் கிடையாது. இருந்தாலும் அதற்கு அந்தச் செல் போடுவதில்லை. நான் ஒன்றும் கேட்காமல் வாங்கி வந்து கொடுத்தேன். மறுநாள் மத்தியானம், ஊர் முழுக்கக் காட்டில் இருக்கிற நேரம், வளைவில் ஏறும்போது பார்த்தேன். கல்லுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். தலைமாட்டுக் கல் புரண்டு கிடந்தது. எங்கள் ஊரில் அந்தக் கல்லைத் தொட்ட பொம்பளையை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. நான் ஹாரன் அடிக்காமல் போய்விட்டேன்.

அன்று சாயங்காலம் வடிவேலு எழுந்து குளித்தான், சாப்பிட்டான். அவன் முகத்தில் சந்தோஷம் இருந்ததா என்றால் இல்லை. பயம் இருந்தது. கடையில் என்னைப் பார்த்து, "திரும்ப வந்துட்டா ராஜாக்கண்ணு," என்றான். எனக்கு வாய்வரைக்கும் வந்தது, முழுங்கிவிட்டேன்.

ஒரு பொம்பளை அக்கா புருஷனுக்காக இவ்வளவு செய்கிறாளே என்று வேறு மாதிரி நினைக்கிறவர்கள் இந்த இடத்திலேயே ஜீப்பை விட்டு இறங்கிக்கொள்ளலாம். அவளுக்கு அக்காவும் போய், அக்கா வீடும் படுத்துவிடக்கூடாது என்ற கவலை. அவ்வளவுதான்.

அடுத்த தடவை அவள் தீரும்வரை காத்திருக்கவில்லை. அக்கா பெயர் சரியாக வருகிறதா என்று மாமாவைக் கேட்பாள், விட்டு விட்டு வருகிறது என்று அவன் சொன்னால் என்னிடம் வருவாள். சுவர்க் கடிகாரத்துக்கு என்பாள். நானும் அந்தக் கடிகாரத்தைப் பற்றி விசாரிக்க மாட்டேன்.

இப்படியே ஓடியிருக்கும். பூவிழி உண்டானாள். வடிவேலுவின் ஒரே மகள், திருப்பத்தூரில் கட்டிக் கொடுத்தது. தாய்வீட்டுக்கு வந்து பிரசவம் பார்க்க வேண்டியவள். தாய் இல்லை. அப்பன் வீட்டில் தினமும் டிங் டிங். அவள் மலைக்கு வரமாட்டேன் என்றுவிட்டாள். நடுவில் ரத்தம் பட்டு, படுக்கையிலேயே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் புருஷன் லாரிக்காரன், பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டான். அவர்கள் வீட்டுக்கு நான் பலாப்பழம் கொண்டுபோனபோது படுத்தபடியே அழுதாள்.

"அப்பாவைக் கூட்டியாங்க மாமா. அம்மா மாதிரி எனக்கும் எதுனா ஆச்சுன்னா யாரு பாப்பாங்க? அவருக்குச் செத்துப்போன அம்மாதான் வேணும். உசுரோட இருக்கற நான் வேணாம்."

எனக்குப் பொறுக்கவில்லை. ஏறி வந்த வேகத்தில் நேராக வடிவேலு வீட்டு முன்னால் ஜீப்பை நிறுத்தினேன்.

"யோவ், கிளம்பு. துணியை எடு."

"வர முடியாது ராஜாக்கண்ணு."

"இன்னாய்யா வர முடியாது? பொண்ணு அங்க அழுதுனு கிடக்குது. நீ இங்க கல்லுக்குக் காவலா?"

அவன் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தான். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. அத்தனை நாள் முழுங்கியதெல்லாம் வெளியே வந்தது.

"அங்க ஒருத்தியும் வரலைய்யா. உன் மச்சினி செல்லு மாத்துறா. நான்தான் வாங்கியாந்து குடுக்குறேன். போதுமா?"

வடிவேலு ஒயர் சுற்றுவதை நிறுத்தவில்லை.

"தெரியும்," என்றான்.

"இன்னா தெரியும்?"

"போன்ல செல்லு எவ்ளோ இருக்குதுன்னு காட்டும். கீழ கீழ இறங்கி வந்தது ஒருநாளு நூறுன்னு காட்டுச்சு. செத்தவ வந்து செல்லு மாத்துவாளா? மொத தடவை எனக்கு நடுக்கம்தான், இல்லைங்கலை. ரெண்டாவது தடவை பாறை மேல உக்காந்துனு பாத்தேன். பாஞ்சாலைதான். கல்லை எடுத்து வெச்சுட்டு, அது மேல கையை வெச்சுனு அழுதுது."

"தெரிஞ்சும் ஏன்யா இங்கியே கிடக்குற?"

அப்போது அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். இவனுக்கு இதுகூடப் புரியவில்லையே என்கிற பார்வை.

"பாஞ்சாலைக்காகத்தான். அதால அக்காவை வுட முடியலை. அது கிட்ட இருக்குறது பட்டன் போனு, அதுல பேரு வராது. தினம் வந்து என்னைத்தான் கேக்குது, அக்கா இருக்குதான்னு. நான் போய்ட்டா யாரு சொல்லுவாங்க? அந்த மணி அடிச்சா எனக்கு ஈரக்கொலை நடுங்குது ராஜாக்கண்ணு. ஓடையில கவுந்து கிடந்தது கண்ணுல வருது. நான் அணைச்ச ஸ்பீக்கரு. ஒவ்வொரு தபாவும் அதான் வருது. பரவால்ல, அதுக்காகப் பொறுத்துக்கறேன்."

நான் ஜீப்புக்குப் போகவில்லை. பக்கத்து வீட்டுக்குப் போனேன். பாஞ்சாலை புளி தட்டிக்கொண்டிருந்தாள். கை நிறையப் பிசுக்கு. எல்லாவற்றையும் சொன்னேன். நான் சுற்றி வளைத்துப் பேசுகிறவன் இல்லை, சொன்னதையும் கத்தித்தான் சொன்னேன். அவன் சொன்னதையும் சொன்னேன்.

"எனக்காகவா?" என்றாள்.

"உனக்காகத்தானாம்."

முதலில் சிரித்தாள். அசல் முத்தம்மாவின் சிரிப்பு. பிறகு புளிக்கையாலேயே முகத்தை மூடிக்கொண்டாள்.

"எனக்கு அது வேணாம் அண்ணா. அக்காவை நிம்மதியாத் தூங்க வுடலியேன்னு ராத்திரியெல்லாம் அழுவறேன். ஒவ்வொரு தபா கல்லைத் தூக்கும்போதும் உள்ள இருந்து கையைப் புடிச்சுடுமோன்னு பயம். மாமா படுத்துடுவாரேன்னுதான் கேட்டேன். மாமாவுக்காகத்தான் தினம் கேட்டேன்."

இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலிகூடக் கிடையாது. அவள் அழுவது அவனுக்குக் கேட்டிருக்க வேண்டும். வந்து வாசலில் நின்றான். நின்றவனைப் பார்த்து அவள், "போங்க மாமா. பூவிழி கிட்ட போங்க," என்றாள். அவன் சரி என்றான். எனக்கு ஏதோ பெரிதாக நடக்கப்போகிறது என்று இருந்தது. அவன் உள்ளே போய்ப் பையில் துணி வைக்கிற சத்தம்தான் கேட்டது.

கொடுத்ததைத் திரும்ப எடுக்கக்கூடாது. அதனால் போர்டை எடுக்கவில்லை. இருக்கிற செல் தீரட்டும், இனி மாற்றுவதில்லை என்று பாஞ்சாலை சொன்னாள். நான் கடைசியாக முன்கூட்டியே வாங்கிக் கொடுத்த செல் ஒன்று அவளிடம் மாற்றாமல் இருந்தது. அதை என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். வேண்டாம் என்று கோபத்தில் ஓடைப் பக்கம் எறிந்தேன்.

வடிவேலு முன்சீட்டில் ஏறினான். வளைவைத் தாண்டும்போது சட்டைப்பையில் டிங் டிங் என்று அடித்தது. அவன் எடுக்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும் நின்றது.

பூவிழிக்குப் பையன் பிறந்தான். தாயும் பிள்ளையும் சுகம். வடிவேலு அங்கேயே தங்கிவிட்டான். ஒரு சவுண்ட் சர்வீஸில் வேலைக்குப் போகிறான். பையனின் தொட்டிலுக்கு மேலே கலர் கலராக ஒரு லைட் சுற்றுகிறது. அதற்கும் ஒரு போர்டு வாங்கியிருக்கிறான். இந்தத் தடவை எதை எடுப்பது என்று என்னைக் கேட்கவில்லை. ஆள் கொஞ்சம் சதை போட்டிருக்கிறான். என்னைப் பார்த்தால் முதல் கேள்வி, "பாஞ்சாலை எப்படி இருக்குது?" நல்லா இருக்குது என்பேன். இருக்கத்தான் செய்தாள்.

எனக்குத்தான் ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது. நிறுத்தமாட்டேன் என்று சொன்னேனே, அந்த வளைவில் ஆளில்லாத நேரத்தில் ஜீப்பை ஓரங்கட்டுவேன். போனைத் திறந்து பார்ப்பேன். முத்தம்மா. மூடிவிட்டுக் கிளம்புவேன். பல மாதம் வந்தது. மழை பிடித்தபோது சில நாள் வராது, மண் காய்ந்ததும் வரும். போன மாசம் வெயில் அடித்துக்கொண்டிருந்த ஒரு நாள் பார்த்தேன், ஜீப் செட்டின் பெயர் மட்டும் இருந்தது. இறங்கிக் கொல்லைக்குள்ளேயே போய்க் கல்லுக்குப் பக்கத்தில் போனை நீட்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. நல்லதுதான் என்று சொல்லிக்கொண்டேன். வாய் கசந்தது.

அதற்குப் பிறகு ஒருநாள் மத்தியானம் பாஞ்சாலை புளிமூட்டையோடு அந்த மரத்தடியில் நின்று கை காட்டினாள். பிரேக் சரியில்லை என்று சொல்ல முடியாது, அவளுக்கு எல்லாம் தெரியும். நிறுத்தினேன். மூட்டையைப் பின்னால் ஏற்றினோம். ஏறுவதற்குமுன் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றாள். கொல்லைப் பக்கம் பார்க்கவில்லை.

"அண்ணா, உங்க போன்ல பாருங்களேன். அக்கா இருக்குதா?"

வேண்டாம் என்றவள் இவள்தான். அக்காவைத் தூங்க விடவில்லையே என்று அழுதவளும் இவள்தான். சுள்ளென்று கோபம் வந்தது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று திரும்பினேன். அவள் முகத்தைப் பார்த்ததும் போனை எடுத்துத் திறந்தேன். ஜீப் செட்டின் பெயர். அதற்குக் கீழே வெறும் வெள்ளை.

"இருக்குது," என்றேன்.

தலையாட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். கீழே போகிற வரைக்கும் ஊர்க்கதை பேசிக்கொண்டே வந்தாள்.

அவளைச் சந்தையில் இறக்கிவிட்டு நான் வாட்ச் கடைக்குப் போனேன். அந்தத் தட்டைச் செல்லைக் கேட்டேன். கடைக்காரர் எடுத்து வைத்துவிட்டு, எதுக்கு என்று கேட்டார்.

சுவர்க் கடிகாரத்துக்கு என்றேன்.